தூய்மைக் கூடத்தின் வாயில்

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கழகத்தின் வரலாற்றையும் அதனைத் தோற்றுவித்தோரின் தொண்டையும் நமக்கு முன் பேசிய சான்றோர் விரித்துரைத்துவிட்டனர். இளைஞர் அரங்கிற்கென நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. செயற்கைக்கோள்களை ஒன்றுசேர்த்துச் சோதிக்கும் நாட்டுக் கூடம் பெங்களூரில் உள்ளது. அதனைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம். இராக்கெட் சீறியெழும் காட்சியைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அக்காட்சி சில நிமிடங்களே. அதற்கு முன் பல மாதங்கள் ஆரவாரமின்றி நடந்த வேலையை எவரும் நமக்குக் காட்டுவதில்லை. அவ்வேலை நடைபெறும் இடத்தை அறிந்துகொண்டால் நாட்டின் அறிவியல் எவ்வாறு உருவாகிறது என்பது விளங்கும். நம் பிள்ளைகள் அவ்விடத்தை அடையும் வழி எங்கே தொடங்குகிறது என்பதும் விளங்கும்.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோவுக்குப் பல ஊர்களில் மையங்கள் உண்டு. செயற்கைக்கோளின் ஒளிப்படக் கருவிகள் பெரும்பாலும் அகமதாபாத்தில் உருவாகின்றன. திசை காட்டும் சுழலிகள் திருவனந்தபுரத்திலிருந்து வருகின்றன. இவ்வாறு பல இடங்களிற் பிறந்த உறுப்புகள் ஓருடலாவது பெங்களூரில்தான். அங்குள்ள செயற்கைக்கோள் மையம் 2018ஆம் ஆண்டு முதல் யு. ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம் என வழங்கப்படுகிறது. அம்மையத்தின் இரண்டாம் வளாகம் மாரத்தஹள்ளிப் பகுதியில் உள்ளது. ‘ஐசைட்’ என்று சுருக்கமாக அழைக்கப்பெறும் அவ்வளாகம் செயற்கைக்கோள்களை ஒருங்கிணைப்பதற்கும் சோதிப்பதற்குமென்றே அமைந்தது. மாளிகை போன்ற உயரமான கூடங்களில் கலம் முழுமை பெற்று, சோதனைகளில் தேறி, பின்னரே ஸ்ரீஹரிக்கோட்டாவிற்குப் புறப்படுகிறது.

இன்றைய பெருமையைக் காணும் இளைஞர்கள் அதன் தொடக்கத்தையும் அறிதல் வேண்டும். 1972ஆம் ஆண்டு, பேராசிரியர் யு. ஆர். ராவ் அவர்களின் தலைமையில் இந்தியாவின் முதற் செயற்கைக்கோளைச் செய்யும் பணி தொடங்கியபோது, இத்தகைய கூடம் எதுவும் இல்லை. பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் கல்நார்க்கூரை வேய்ந்த சில கொட்டகைகளே கிடைத்தன. பணியாற்றியோருள் பெரும்பாலோர் அதற்குமுன் செயற்கைக்கோள் எதனையும் கண்ணாற் கண்டிராத இளைஞர். அவர்கள் செய்த ஆரியபட்டா, 360 கிலோ எடையுடன், 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் சோவியத் நாட்டின் கபுஸ்தின் யார் தளத்திலிருந்து விண்ணேறியது. அது அனுப்பும் செய்திகளைப் பெறப் பெங்களூரில் இடம் வேண்டியபோது, கழிப்பறை ஒன்றையே மாற்றியமைத்துச் செய்தி பெறும் நிலையமாக்கினர். சில நாட்களிலேயே மின்வழங்கலில் ஏற்பட்ட கோளாறால் அதன் ஆய்வுகள் நின்றன. எனினும் செயற்கைக்கோளைச் செய்து இயக்கும் கலை நம் நாட்டாருக்குக் கைவந்தது.

அடுத்து, 1981ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஏவப்பட்ட ‘ஆப்பிள்’ என்னும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள். அதன் திட்ட இயக்குநராக விளங்கியவர் ஆர். எம். வாசகம் அவர்கள், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றியவர். அக்கலத்தை மாட்டு வண்டியில் ஏற்றி வைத்த படத்தை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். வறுமையைக் காட்டும் படம் என்று நகைப்போர் உளர். உண்மை அஃதன்று. இரும்பாலான ஊர்தியின்மேல் வைத்தால் ஆன்டெனாச் சோதனையின் அளவீடுகள் திரிந்துவிடும். மரத்தாலான வண்டியில் அக்குறை இல்லை. சோதனைக்கு எது பொருந்துமோ அதனை எடுத்துக்கொண்டனர். ஊரில் யாவரும் பழையதென்று ஒதுக்கிய வண்டியை, காரணம் அறிந்து பயன்படுத்தியமையே அறிவியல்.

இவ்வளவு சோதனை எதற்கு என்று கேட்கலாம். வயலில் மோட்டார் நின்றுவிட்டால் பழுது பார்ப்பவரை அழைக்கலாம். பேருந்து வழியில் நின்றால் இறங்கித் தள்ளலாம். செயற்கைக்கோள் பூமியை விட்டபின் அதன் ஒரு திருகாணியைக் கூடத் தொடுதல் பெரும்பாலும் இயலாது. பத்தாண்டு, பதினைந்தாண்டு அது தனித்தே உழைக்க வேண்டும். ஆதலின் அங்கே அது படப்போகும் துன்பம் அனைத்தையும் இங்கேயே அதற்குக் காட்டிவிடுகின்றனர்.

முதலாவது அதிர்வு. இராக்கெட் எழும்பும்போது தன்மேல் உள்ள கலத்தை உலுக்கியெடுத்துவிடும். அதனை நிலத்திலேயே செய்து பார்க்க ஐசைட்டில் 29 டன் விசையுடைய அதிர்வுக் கருவி உள்ளது. இச்சோதனையின் நுட்பம் நம் தாய்மார்கள் அறிந்ததே. சந்தையில் மண்பானை வாங்கும் தாய் அதனைக் கையிலேந்திச் சுண்டிப் பார்ப்பாள். நல்ல பானை ‘கணீர்’ என்னும். கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ள பானையின் ஓசை மழுங்கியிருக்கும். கூடத்திலும் முதலில் கலத்தை மெல்ல ஆட்டி, அதன் உறுப்புகள் எந்தெந்த அதிர்வெண்ணில் அதிர்கின்றன எனப் பதிவு செய்கின்றனர். பின்னர்க் கடுமையாக ஆட்டுகின்றனர். அதன்பின் மீண்டும் முன்போல் மெல்ல ஆட்டி, முதற் பதிவோடு ஒப்பிடுகின்றனர். இரு பதிவும் ஒத்திருந்தால் கலம் நலமாக உள்ளது. மாறியிருந்தால், எங்கோ ஒன்று தளர்ந்துவிட்டது. தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது ஓசை. திருவிழாவில் அதிர்வேட்டுப் போடும்போது வீட்டிலுள்ள பாத்திரங்கள் நடுங்குவதைக் கண்டிருக்கிறோம். நாம் பேசும் ஓசை ஏறத்தாழ 60 டெசிபெல். இராக்கெட்டின் முழக்கம் கலத்தை 140 டெசிபெலுக்கும் மேலாகத் தாக்கும். ஒவ்வொரு 10 டெசிபெல் ஏற்றத்திற்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதை மாணவர்கள் நினைவிற் கொண்டால் இதன் கடுமை புரியும். மெல்லிய சூரியத் தகடுகளை இவ்வோசையே முறித்துவிடக் கூடும். அதனால் கெட்டிச் சுவர்களையுடைய அறையில் கலத்தை நிறுத்தி, பெருங்கொம்புகளின் வழியே ஒலியைச் செலுத்திச் சோதிக்கின்றனர்.

மூன்றாவது வெற்றிடமும் வெப்பமும். ஐசைட்டில் 6.5 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடக் கலன் ஒன்று உண்டு. ஒரு வீட்டையே உள்ளே வைக்கலாம் போன்ற எஃகு உருளை அது. செயற்கைக்கோளை உள்ளே வைத்து மூடி, காற்றை நாம் சுவாசிக்கும் அழுத்தத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு, அதனினும் குறைவு என்னுமளவிற்கு வெளியேற்றுகின்றனர். சுவர்களில் சுழியத்திற்குக் கீழே 196 பாகை செல்சியஸ் குளிருள்ள திரவ நைட்ரஜன் ஓடுகிறது. விண்ணில் வெயில் படும் பக்கம் கொதிக்கும்; நிழற்பக்கம் உறையும்; இடையே வெப்பத்தைப் பரப்பக் காற்றும் இல்லை. அந்நிலையை இங்கே மாறி மாறி உண்டாக்கி, பல நாட்கள் இரவும் பகலும் கலத்தை இயக்கிப் பார்க்கின்றனர். பசை, பூச்சு, கம்பியுறை ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் ஆவி வெளிவருவதும் அப்போதுதான். அவ்வாவி விண்ணில் வெளிவந்து ஒளிப்படக் கருவியின் வில்லையிற் படிந்தால் கலம் குருடாகிவிடும்.

இவற்றோடு மின்காந்த இடையூற்றுச் சோதனையும் உண்டு. ஒரு கருவி எழுப்பும் அலை மற்றொன்றின் வேலையைக் கெடுக்கலாகாது. சந்திரயான்-3 திட்டத்தின் தரையிறங்கு கலம் 2023 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் பெங்களூரில் இச்சோதனையில் தேறியது. மார்ச் மாதத்தில் அதிர்வுச் சோதனையும் ஒலிச் சோதனையும் நிறைவேறின. ஆகஸ்ட் 23ஆம் நாள் அது நிலவில் இறங்கியது. உலகம் கண்டது கடைசி நாளை மட்டுமே.

அக்கலத்தின் சோதனையில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் ‘அனார்த்தோசைட்டு’ என்னும் பாறை கிடைக்கிறது. நிலவின் மேட்டுநிலப் பாறையும் இவ்வினத்தது. அதனை எடுத்துச் சேலத்தில் அரைத்துப் பொடியாக்கி, பெங்களூருக்குக் கொண்டுசென்று, நிலவின் தரையைப் போன்ற சோதனைத் தளத்தை அமைத்தனர். நிலவில் எடை ஆறில் ஒரு பங்கே ஆதலின், ஹீலியம் பலூனைக் கட்டி ஊர்தியின் எடையைக் குறைத்து, அத்தளத்தில் ஓட்டிப் பார்த்தனர். தரையிறங்கு கலத்தின் கால்களும் இத்தகைய மண்ணிலேயே சோதிக்கப்பெற்றன. வழியில் கிடக்கும் கல்லின் மதிப்பும் அதனை அறிந்தவனுக்கே தெரியும்.

சோதனை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் பிள்ளைகள் அஞ்சுகின்றனர். தேர்வு என்றால் தோற்றவனை வெளியே தள்ளும் கதவு என்று எண்ணுகின்றனர். அக்கூடத்தில் சோதனையின் நோக்கம் வேறு. குறை இங்கே தெரிந்தால் மகிழ்ச்சி. ஏனெனில் இங்கே திருத்தலாம். 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் சந்திரயான்-2 திட்டத்தின் தரையிறங்கு கலம் நிலவில் மோதி வீழ்ந்தது. எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததினும் சற்று மிகுந்தது. அதனால் எழுந்த சிறு பிழைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. அவற்றைத் திருத்தும் ஆற்றல் கலத்திற்குப் போதவில்லை. அடுத்த கலத்தைச் செய்தோர், எவ்வெவை பழுதுபடக் கூடும் என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றிற்கும் விடை கண்டு, பின்னரே அனுப்பினர்.

சோதனை செய்தால் மட்டும் போதாது. அது கூறுவதைச் செவிமடுக்கவும் வேண்டும். 1990ஆம் ஆண்டு அமெரிக்கா ‘ஹபிள்’ என்னும் விண் தொலைநோக்கியை அனுப்பியது. அதன் பெருங்கண்ணாடியின் விளிம்பு ஏறத்தாழ 2 மைக்ரான் அளவு தவறாகத் தேய்க்கப்பட்டிருந்தது. நம் மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்திலுள்ள திருகு அளவி காட்டும் மிகச் சிறிய அளவு 10 மைக்ரான். அதில் ஐந்தில் ஒரு பங்கு பிழை. விண்ணிலிருந்து வந்த படங்கள் மங்கின. ஆராய்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. கண்ணாடியைச் செய்த காலத்திலேயே எளிய சோதனைக் கருவிகள் பிழையைக் காட்டியிருந்தன. விலையுயர்ந்த நுண்கருவி ஒன்று சரியென்று கூறியதால், எளிய கருவிகளின் சாட்சியத்தைத் தள்ளிவிட்டனர். அந்நுண்கருவியே தவறாகப் பொருத்தப்பட்டிருந்தது. 1993ஆம் ஆண்டு டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்த வேண்டியதாயிற்று. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்னும் பழமொழியை நாம் அறிவோம். ஏறாத அம்பலத்திற்கு நேரும் இழப்பு எத்தகையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, இவ்வுரையின் நடுப்பொருளுக்கு வருகிறோம். செயற்கைக்கோளை ஒன்றுசேர்க்கும் கூடத்தைத் தூய்மைக் கூடம் என்பர். தூய்மை, தீட்டு என்னும் இரு சொற்களால் நம் முன்னோர் பட்ட பாட்டை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் தேநீர்க் கடைக் குவளையிலும் அச்சொற்கள் காவல் நின்றன. அவற்றை அளக்கும் கோல் எவரிடத்தும் இருந்ததில்லை. ஒருவன் குளித்திருந்தாலும் தீட்டு. மற்றொருவன் குளியாவிடினும் தூய்மை. பிறப்பே அளவுகோலாயிற்று.

பெங்களூர்க் கூடத்தின் தூய்மைக்கு அளவு உண்டு. செயற்கைக்கோள் கூடங்களிற் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஒரு விதியின்படி, ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலுமான துகள்கள் 1 லட்சத்திற்கு மிகலாகாது. நம் தலைமயிரின் பருமனோ ஏறத்தாழ 70 மைக்ரான். கூடத்தின் காற்று நுண்வடிகட்டிகளின் வழியே இடைவிடாது வருகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தினும் உள்ளழுத்தம் சற்று மிகுதியாக வைக்கப்படுவதால், கதவு திறந்தாலும் புழுதி உட்புகுவதில்லை. துகளெண்ணும் கருவி ஒன்று காற்றை உறிஞ்சி, ஒளிக்கற்றையின் குறுக்கே செலுத்தி எண்ணிக்கொண்டே இருக்கிறது. துகள் யாருடைய மேனியிலிருந்து உதிர்ந்தது என்று அது கேட்பதில்லை.

அக்கூடத்தில் மிகுதியான துகளை உதிர்ப்பது எது தெரியுமா? மனித உடல். அசையாது அமர்ந்திருக்கும் ஒருவரிடமிருந்தே நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 லட்சம் நுண்துகள்கள் உதிர்வதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். தோற்செதில், மயிர்த்துணுக்கு, ஆடைநூல், பேசும்போது தெறிக்கும் நீர்த்துளி ஆகிய யாவும் அதில் அடங்கும். ஆதலின் உள்ளே செல்லும் எவரும் தலை முதல் கால் வரை வெள்ளங்கி அணிந்து, முகமூடியும் கையுறையும் காலுறையும் பூண்டு, காற்றுத் தாரையில் நின்று, பின்னரே அடியெடுத்து வைக்க வேண்டும். இயக்குநரும் அணிய வேண்டும். பார்வையிட வரும் அமைச்சரும் அணிய வேண்டும். தரையைத் துடைப்பவரும் அணிய வேண்டும். தீட்டு என்று ஒன்று உண்டெனின் அஃது எல்லா மனித உடலுக்கும் பொது என்பதே அக்கூடத்தின் விதி.

இன்னொன்றையும் நினைவூட்டுகின்றோம். ஒரு கருவியை மனிதனின் தூசியினின்று காக்க நாடு இத்தனை உறைகளைத் தைக்கிறது, வடிகட்டிகளை அமைக்கிறது. அதே நாட்டில், சாக்கடைக் குழியில் இறங்கும் மனிதனை நச்சுக் காற்றினின்று காக்க ஓர் உறை கிடைப்பதில்லை. மனிதக் கழிவை மனிதன் அகற்றும் கொடுமையைத் தடுக்க 2013ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. எனினும் குழிகளில் இறப்புகள் தொடர்கின்றன. விண்வெளி அறிவு வேண்டா என்று நாம் கூற வரவில்லை. எஃகுக் கலனில் வெற்றிடம் உண்டாக்கத் தெரிந்த நாட்டிற்கு, சாக்கடையிலிருந்து மனிதனை மேலேற்ற அறிவு போதாது என்று எவரும் சாக்குச் சொல்ல இயலாது என்கிறோம்.

அக்கூடத்தில் நாம் கற்கத்தக்க மற்றொன்று, கையும் அறிவும் ஒன்றுகூடும் முறை. வேலையைப் பகுத்துக்கொள்வது வேறு, வேலை செய்வோரையே மேல் கீழாகப் பகுப்பது வேறு என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். நூலோதியவன் கருவியைத் தொடான். கருவியைத் தொட்டவனை நூலோத விடார். செயற்கைக்கோள் இம்முறைப்படி உருவாகவே முடியாது. பொன்னிறமாக மின்னும் வெப்பக்காப்புப் போர்வையைக் கையால் வெட்டித் தைக்கின்றனர், அது தையற்கலை. கம்பிகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்துப் பின்னுகின்றனர்; அது பின்னற்கலை. நுண்ணிய பற்றவைப்பைச் செய்தவர் ஒருவர், சோதித்தவர் மற்றொருவர். இருவரும் பதிவேட்டில் ஒப்பமிடுகின்றனர். முனைவர் பட்டம் பெற்றவரும் ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவரும் ஒரே கலத்தின்மேல் கை வைக்கின்றனர். நம் சமூகத்தாரின் கைத்திறனை எவரும் மறுத்ததில்லை; அக்கைக்கு நூலறிவு சேர்வதைத்தான் மறுத்தனர்.

ஆயின், அக்கூடத்தினுள் சாதி இல்லை, ஆதலின் எல்லாம் நன்று என்று கூறி அமர்ந்துவிட நாம் முன்வரவில்லை. அங்கியை அணியும் அறை வரை யார் வந்து சேர்கிறார்கள் என்பது வெளியே, நெடுநாளைக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அரசுப் பணிகளில் அரசியலமைப்பு நமக்கு இட ஒதுக்கீடு அளித்துள்ளது. ஆய்வை நடத்தும் மேல்நிலை அறிவியற் பதவிகள் சிலவற்றுக்கு அதனின்று விலக்களிக்கும் ஆணைகளும் நெடுநாளாக உள்ளன. மேலும், செயற்கைக்கோள் பணி இன்று தனியாரிடமும் செல்கிறது. 2018 ஏப்ரல் 12ஆம் நாள் ஏவப்பட்ட வழிகாட்டிச் செயற்கைக்கோள் ஒன்றைத் தனியார் தொழிற்கூட்டமைப்பின் பணியாளர்கள், இஸ்ரோ பொறியாளர்களின் மேற்பார்வையில் ஒன்றுசேர்த்தனர். 2020ஆம் ஆண்டிற்குப்பின் இவ்வாயில் மேலும் அகன்றுள்ளது. தனியார் நிறுவனத்தில் இட ஒதுக்கீடு இல்லை. உரிமைக்காகக் குரல் கொடுப்பதை நாம் நிறுத்தலாகாது. அதே வேளையில், திறனில் எவரும் நம் பிள்ளையைத் தள்ள முடியாதவாறு செய்தலும் நம் கடமை.

எளிய ஊர்களிலிருந்து அக்கூடத்தை அடைந்தோர் உண்டா என்று கேட்பீர்கள். கோவை மாவட்டத்துக் கோதவாடியில் பிறந்து, தமிழ்வழியிற் கற்ற மயில்சாமி அண்ணாதுரை அவர்கள் அம்மையத்தின் இயக்குநராகவே விளங்கினார். செங்கோட்டை அரசு மகளிர் பள்ளியிற் பயின்ற நிகார் ஷாஜி அவர்கள், 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 திட்டத்தை இயக்கினார். விழுப்புரத்தில் இரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகனாய்ப் பிறந்து, பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றுப் படிப்படியாக உயர்ந்த ப. வீரமுத்துவேல் அவர்கள் சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர். இவர்களை எச்சாதிக்கும் உரியவராக்கிப் பேசுவது நம் நோக்கமன்று. சிற்றூரும் தமிழ்வழியும் பட்டயப் படிப்பும் தடையல்ல என்பதற்கே இவர்களைக் காட்டினோம். மதுரை மாவட்டத்துத் திருமங்கலம் அரசுப் பள்ளி உள்ளிட்ட, நாடெங்கும் உள்ள 75 பள்ளிகளின் மாணவியர் கைவைத்துச் செய்த ‘ஆசாதிசாட்’, 2022 ஆகஸ்டில் இராக்கெட்டின் கோளாறால் வீணாயிற்று. மீண்டும் செய்தனர். 2023 பிப்ரவரி 10ஆம் நாள் அஃது விண்ணேறியது.

இளைஞர்களே, அத்தூய்மைக் கூடத்தின் வாயில் பெங்களூரில் இருப்பதாக நாம் எண்ணுகின்றோம். ஓர் ஆசிரியனின் கண்ணுக்கு அஃது எட்டாம் வகுப்பில் தெரிகிறது. பின்னத்தையும் விகிதத்தையும் புரிந்துகொள்ளாமல் ஒன்பதாம் வகுப்பிற்குச் செல்லும் பிள்ளைக்கு அக்கதவு அன்றே சாத்தப்படுகிறது. சாத்தும் ஓசை கூட எவர் காதிலும் விழுவதில்லை. இஸ்ரோ 2019ஆம் ஆண்டு தொடங்கிய ‘யுவிகா’ என்னும் பள்ளி மாணவர் திட்டம் ஒன்பதாம் வகுப்பினர்க்குரியது. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் கிராமப்புறப் பள்ளியிற் பயில்வதும் அத்தேர்வில் கணக்கிற் கொள்ளப்படுகின்றன. பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரானிக் மெக்கானிக் போன்ற பிரிவுகளிற் பயின்றோர் தொழில்நுட்பர் பணிக்கும், முதல் வகுப்பில் பட்டயம் பெற்றோர் தொழில்நுட்ப உதவியாளர் பணிக்கும், பொறியியற் பட்டம் பெற்றோர் பொறியாளர் பணிக்கும் தேர்வின் வழியே செல்லலாம். திருவனந்தபுரத்தில் 2007ஆம் ஆண்டு முதல் விண்வெளிக் கல்விக்கெனவே ஒரு கல்லூரி நடைபெறுகிறது. ஒரே ஏணிதான் உண்டு என்று எண்ணி எவரும் சோர்ந்துவிட வேண்டா.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பையன் பட்டயம் படித்தால் தாழ்வு, பெண் ஃபிட்டர் வேலை கற்றால் இழிவு என்னும் எண்ணத்தை விட்டொழியுங்கள். கையால் உழைத்தவனை இழிந்தவன் என்று நம்மைச் சொன்ன சொல்லை, நாமே நம் பிள்ளைகளிடம் திருப்பிச் சொல்லலாமா?

கழகத்தார்க்கு நம் வேண்டுகோள் மூன்று. முதலாவது, நம் மாலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக் கணக்கிற்கெனத் தனி ஆசிரியரை நியமித்தல். பத்தாம் வகுப்பில் விழித்துக்கொண்டு பயனில்லை. இரண்டாவது, ஒரு கருவிப் பெட்டி. திருகு அளவி, வெர்னியர் அளவி, மின்னளவி, பற்றவைக்கும் கோல், சில கம்பிகள், சில மின்கலங்கள். அப்பெட்டிக்குப் பூட்டு வேண்டா. ஆய்வகப் பொருள்கள் உடையும் என்றஞ்சி அலமாரியிற் பூட்டிவைக்கும் பள்ளிகள் பல உள. பிள்ளையின் கை படாத கருவி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் வெறும் இரும்பே. மூன்றாவது, ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் பயிலும் நம் இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலை வந்து, தாம் கற்றதை இளையோர்க்குக் கையாற் செய்து காட்டுதல். சம்பளமின்றிச் செய்ய வேண்டும். செய்வார்கள் என்று நம்புகின்றோம்.

பீன்யாவின் கல்நார்க் கொட்டகையினுள் ஓர் ஆரியபட்டா உருவாயிற்று. நம் கழகத்தின் மாலைப் பள்ளியும் தகரக் கூரையின்கீழ்தான் நடைபெறுகிறது. கூரை எதுவாயினும் அதன்கீழ் நடக்கும் வேலையில் துல்லியம் இருத்தல் வேண்டும். அடுத்த மாதம் பள்ளி திறக்கும்போது அக்கருவிப் பெட்டி அங்கே இருக்கட்டும். முதல் திருகு அளவிக்குரிய விலையை நாம் இம்மேடையிலேயே செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கின்றோம். ஏனையவற்றை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.